ஈபி-1ஏ: மேற்கோள் எண்ணிக்கையை விட முக்கியமான இரண்டு வரிகள்

அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்யும் வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கமாக:

"வணக்கம் சார். சொந்த ஊர் மதுரை. தாவர உயிரியலில் பிஎச்டி முடித்துவிட்டு இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஜே-1 விசாவில் போஸ்ட்டாக் ஆக இருக்கிறேன், நாலாவது வருடம் ஓடுகிறது. நெல்லின் வேர் உப்பை எப்படித் தாங்குகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. 17 கட்டுரைகள், அதில் 8 முதல் ஆசிரியராக. மற்றவர்களின் கட்டுரைகளில் சுமார் 600 மேற்கோள்கள். முப்பதுக்கு மேல் கட்டுரைகளை ரிவ்யூ செய்திருக்கிறேன். வேரைப் படமெடுத்து அளக்கும் ஒரு முறையையும் அதற்கான மென்பொருளையும் இலவசமாக வெளியிட்டேன், சில ஆய்வகங்கள் பயன்படுத்துகின்றன. பெரிய விருது எதுவும் இல்லை. முதல் இரண்டு வருடம் இந்திய அரசின் நிதியுதவியில் இருந்தேன், இப்போது பேராசிரியரின் நிதியில். ஐந்து வருடம் முடிந்ததும் எச்-1பி போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். நண்பர்கள் அசாதாரணத் திறமைசாலிகளுக்கான ஈபி-1ஏ கிரீன் கார்டு மனு போடு என்கிறார்கள், எனக்கோ என்னையே அப்படிச் சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. ஒரு ஏஜென்சி ஆறு மாதத்தில் விருது, உறுப்பினர் பதவி, பத்திரிகைச் செய்தி எல்லாம் ஏற்பாடு செய்து புரொஃபைல் தயாரித்துத் தருவதாகச் சொல்கிறது. கணவர் சிங்கப்பூரில் பிறந்து திருச்சியில் வளர்ந்தவர், இந்தியக் குடிமகன், ஜே-1காரரின் குடும்பத்துக்கான ஜே-2வில் இருக்கிறார். ஆறு வயதில் மகள், மதுரையில் பிறந்தவள். 600 மேற்கோள் போதுமா? ஏஜென்சியிடம் போகலாமா? வரும் தை மாதம் தங்கை கல்யாணம், ஊருக்குப் போய்வரலாமா?"

வணக்கம். மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நீங்கள் கேட்காத இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகள்தான் உங்கள் வழக்கைத் தீர்மானிக்கப் போகின்றன. கணவர் சிங்கப்பூரில் பிறந்தவர் என்பது ஒன்று. முதல் இரண்டு வருடம் இந்திய அரசு நிதியில் இருந்தீர்கள் என்பது இன்னொன்று. முதலாவது உங்களுக்குப் பெரிய அதிர்ஷ்டம். இரண்டாவதை இப்போதே கவனிக்காவிட்டால் மனுவுக்கு ஒப்புதல் கிடைத்த பிறகும் கிரீன் கார்டு கைக்கு வராது.

முதலில் பிறந்த இடம். வேலைவாய்ப்பு அடிப்படையில் அமெரிக்கா வருடத்துக்குக் கொடுக்கும் கிரீன் கார்டு சுமார் 1,40,000. அதில் ஈபி-1 என்னும் முதல் பிரிவுக்கு 28.6 சதவீதம், அதாவது ஏறக்குறைய 40,000. விஞ்ஞானிகள் மட்டும் இல்லை, பன்னாட்டு நிறுவன மேலாளர்களும் அத்தனை பேரின் கணவர், மனைவி, பிள்ளைகளும் இந்த எண்ணிக்கைக்குள்ளேயே வருகிறார்கள். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது, மற்ற நாட்டவர் பயன்படுத்தாமல் மிஞ்சினால்தான் கூடுதலாகக் கிடைக்கும். கணக்குப் போட்டால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வருடத்துக்கு உறுதியாக இருப்பது 2,800 சொச்சம்தான். வரிசை எவ்வளவு திடீரென்று மாறும் என்பதற்கு ஒரு உதாரணம்: 2023 ஜூலையில் 2022 பிப்ரவரி 1 வரை வந்திருந்த இந்தியர்களுக்கான ஈபி-1 தேதி, அதாவது எந்த நாளுக்கு முன் மனு போட்டவர்களுக்கு முறை வந்திருக்கிறது என்பது, அடுத்த மாதமே 2012 ஜனவரி 1-க்குப் பின்வாங்கியது. பிறகு முன்னேறியது, ஆனால் அந்த மாதம் வீட்டில் பெட்டியைக் கட்டி வைத்திருந்த குடும்பங்களின் கதி என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த வரிசையில் பார்ப்பது பாஸ்போர்ட்டை அல்ல, பிறந்த நாட்டை. அதோடு, கணவனும் மனைவியும் சேர்ந்து கிரீன் கார்டு வாங்கும்போது இருவரில் ஒருவர் பிறந்த நாட்டின் கணக்கில் இருவரையும் வைத்துக்கொள்ளச் சட்டமே அனுமதிக்கிறது. உங்கள் கணவர் இந்தியக் குடிமகனாக இருப்பதோ திருச்சியில் வளர்ந்ததோ இங்கே பொருட்டே இல்லை. அவர் சிங்கப்பூரில் பிறந்தவர், அந்த நாட்டுக் கணக்கில் ஈபி-1 பிரிவில் பெரும்பாலான மாதங்களில் காத்திருப்பே இருப்பதில்லை. மனுவை நீங்கள் போட்டாலும், திறமை உங்களுடையதாக இருந்தாலும், வரிசை அவருடைய பிறப்பை வைத்து. இதைத் தெரியாமல் பத்து வருடம் இந்திய வரிசையில் நிற்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மனைவி பிறந்தது கொழும்பு, கோலாலம்பூர், துபாய் என்று இருக்கும், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அவர்களும் சொல்லியிருக்க மாட்டார்கள். பிள்ளைகளின் பிறந்த இடத்துக்கு இந்தச் சலுகை கிடையாது, அமெரிக்காவில் பிறந்த குழந்தையாக இருந்தாலும்.

ஆகவே கணவரின் சிங்கப்பூர் பிறப்புச் சான்றிதழை இந்த வாரமே தேடி எடுங்கள். அதில் இருக்கும் பெயரும் இந்தியப் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா, அவருடைய அப்பா அம்மா பெயர் சரியாக இருக்கிறதா பாருங்கள். இனிஷியலை விரித்து எழுதுவதில் நம் ஆட்களுக்கு எப்போதும் குழப்பம் வரும், அதை மனு போட்ட பிறகு சரிசெய்வதை விட இப்போது ஒரு பிரமாணப் பத்திரத்தில் முடிப்பது சுலபம்.

சரி, இரண்டாவது வரி. ஜே-1 என்னும் பரிமாற்ற விசாவில் வந்த சிலருக்கு, படிப்போ ஆராய்ச்சியோ முடிந்ததும் சொந்த நாட்டில் மொத்தம் இரண்டு வருடம் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அதை நிறைவேற்றும் வரை, அல்லது விலக்கு வாங்கும் வரை, எச்-1பியும் கிடையாது, கிரீன் கார்டும் கிடையாது. இது மூன்று வழிகளில் ஒருவர் மேல் விழும்: நாட்டுக்குத் தேவையான திறன்களின் பட்டியலில் உங்கள் துறை இருப்பது, உங்கள் அரசோ அமெரிக்க அரசோ இந்தப் பரிமாற்றத்துக்குப் பணம் கொடுத்திருப்பது, டாக்டர்களுக்கான மருத்துவப் பயிற்சி. 2024 டிசம்பர் 9 அன்று அமெரிக்க வெளியுறவுத் துறை அந்தத் திறன் பட்டியலைத் திருத்தி இந்தியாவையே அதிலிருந்து எடுத்துவிட்டது, முன்பு வந்தவர்களுக்கும் அது பொருந்தும். இதைக் கேட்டுவிட்டு இந்திய போஸ்ட்டாக் எல்லாரும் தப்பித்தோம் என்று நினைக்கிறார்கள். பட்டியலால் மட்டும் மாட்டியவர்கள் தப்பித்தார்கள். உங்களுக்குப் பணம் கொடுத்தது இந்திய அரசு, அந்தக் காரணம் அப்படியே நிற்கிறது.

ஜே-1க்காக உங்களுக்குக் கொடுத்த டிஎஸ்-2019 படிவங்களை எல்லாம், முக்கியமாக முதல் இரண்டு வருடத்துடையதை, எடுத்து நிதி பற்றிய கட்டத்தைப் பாருங்கள். அதில் இந்திய அரசின் பெயர் இருந்தால் நிபந்தனை உங்களுக்கு உண்டு என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். சந்தேகம் இருந்தால் வெளியுறவுத் துறையிடமே எழுதிக் கேட்கலாம், அதற்கென்று ஒரு நடைமுறை இருக்கிறது. விசா ஸ்டாம்பில் அடித்திருக்கும் குறிப்பை மட்டும் நம்ப வேண்டாம், அது முடிவானது இல்லை.

விலக்கு வாங்க உங்களுக்குச் சரியான வழி இந்திய அரசின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், நம்மவர்கள் நோரி என்று சொல்வது. அதற்கு மாநில அரசு, கல்வி அமைச்சகம், பாஸ்போர்ட் அலுவலகம் என்று தனித்தனியாகத் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும், அப்புறம்தான் இந்தியத் தூதரகம் அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு எழுதும். மாதக்கணக்கில் ஆகும். சென்னையில் தலைமைச் செயலகத்தில் கோப்பு எங்கே இருக்கிறது என்று நேரில் போய்க் கேட்க வீட்டில் யாராவது இருந்தால் பெரிய உதவி. அமெரிக்கப் பக்கம் டிஎஸ்-3035 என்ற விண்ணப்பம், கட்டணம் 120 டாலர். இதற்கு முன்னால், உங்களுக்கு நிதி கொடுத்த அமைப்பிடம் நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை ஒரு தடவை முழுதாகப் படியுங்கள். திரும்பி வந்து பணியாற்ற வேண்டும் என்ற உறுதிமொழி அதில் இருந்தால் அது தனிக் கடமை, அமெரிக்க விலக்கு அதை அழிக்காது. அதை நேர்மையாகத் தீர்த்துவிட்டு மேலே போவதுதான் சரி, அது நம் மக்களின் வரிப்பணம்.

இதில் வரிசை முக்கியம். வெளியுறவுத் துறை விலக்குக்குப் பரிந்துரை செய்துவிட்டால் அதற்குப் பிறகு ஜே-1ஐ நீட்டிக்க முடியாது. அதனால் முதலில் பல்கலைக்கழக அலுவலகத்தில் பேசி டிஎஸ்-2019ஐ ஐந்து வருடத்தின் கடைசி நாள் வரை நீட்டி வாங்கிக்கொள்ளுங்கள், அப்புறம் விலக்கு வேலையைத் தொடங்குங்கள். "ஐந்து வருடம் முடிந்ததும் எச்-1பி" என்று உங்களிடம் சொன்னவர்களுக்கு இந்த இரண்டு வருட நிபந்தனை தெரியுமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. விலக்கு வராமல் அவர்களால் நாட்டுக்குள் இருந்தபடி உங்களை எச்-1பிக்கு மாற்றவே முடியாது. விலக்கு வந்துவிட்டால் பல்கலைக்கழகத்துக்குக் குலுக்கல் கிடையாது என்பதால் எந்த மாதமும் போடலாம். 2025 செப்டம்பரில் அறிவித்த 1,00,000 டாலர் கட்டணம் உள்ளே இருந்தபடி நிலையை மாற்றிக்கொள்பவர்களுக்கு இல்லை என்று அக்டோபரில் விளக்கம் கொடுத்தார்கள். ஆனால் மாற்ற விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியே போனால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

ஐ-140 என்னும் ஈபி-1ஏ மனுவை விலக்கு வருவதற்கு முன்பே போடலாம், அதற்குத் தடை இல்லை. ஐ-485 என்னும் கடைசிக் கட்ட விண்ணப்பம்தான் விலக்கு கைக்கு வந்த பிறகு. இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் நடக்கட்டும்.

இப்போது நீங்கள் உண்மையில் கேட்டதற்கு வருகிறேன். 600 மேற்கோள் போதுமா? சட்டத்தில் எந்த எண்ணும் இல்லை. 300 வைத்துக்கொண்டு வாங்கியவர்களும் 2,000 வைத்துக்கொண்டு மறுக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள், காரணம் எண்ணிக்கையை விட அதற்குள் இருப்பதை எப்படிக் காட்டினார்கள் என்பது.

1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த பிரிவு இது. முதலாளி வேண்டாம், வேலை உத்தரவு வேண்டாம், நீங்களே உங்களுக்காக மனு போடலாம். நோபல் மாதிரி ஒரு பெரிய விருது இருந்தால் அது ஒன்றே போதும். இல்லையென்றால் பத்து அளவுகோல்களில் குறைந்தது மூன்றைக் காட்ட வேண்டும். பத்தில் கண்காட்சி, மேடைக் கலைகளின் வசூல் போன்றவை விஞ்ஞானிகளுக்குப் பொருந்தாது. உங்களுக்குப் பொருந்துவது கட்டுரைகள், அடுத்தவர் ஆய்வை மதிப்பிட்டது, துறையில் பெரிய முக்கியத்துவம் உள்ள சொந்தப் பங்களிப்பு, இந்த மூன்றும்தான். முதலிரண்டும் உங்களிடம் இருக்கின்றன. ரிவ்யூவுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: அழைப்பு மின்னஞ்சல் போதாது, ரிவ்யூவை முடித்துக் கொடுத்ததற்கு ஆதாரம் வேண்டும். ஒவ்வொரு இதழிலிருந்தும் நன்றிக் கடிதமோ கணக்குப் பக்கத்தின் நகலோ எடுத்து வையுங்கள்.

மூன்றாவதில்தான் போராட்டமே. கஸாரியன் வழக்கு என்று ஒன்று உண்டு, இந்தத் துறையில் இருக்கிற எல்லாரும் படிப்பது. போகோஸ் கஸாரியன் கோட்பாட்டு இயற்பியலாளர், கலிஃபோர்னியாவில் இருந்தவர், ஈபி-1ஏ மறுக்கப்பட்டு வழக்குப் போட்டார். 2010இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், விதியில் இல்லாத கூடுதல் நிபந்தனைகளை அதிகாரிகள் முதல் கட்டத்திலேயே திணிக்கக் கூடாது என்று சொன்னது. கட்டுரை எழுதினாரா என்றால் எழுதினாரா என்று மட்டும் பார், அதற்கு எவ்வளவு வரவேற்பு என்பதை அங்கே கேட்காதே என்பது சாரம். இன்று வரை அதிகாரிகள் இரண்டு கட்டமாகப் பார்ப்பது, அதாவது முதலில் மூன்று அளவுகோல் இருக்கிறதா, பிறகு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இவர் துறையின் உச்சியில் இருக்கும் சிறு கூட்டத்தில் ஒருவரா என்பது, அந்தத் தீர்ப்பிலிருந்து வந்ததுதான். ஆனால் அந்த வழக்கில் கஸாரியனுக்கு கிரீன் கார்டு கிடைக்கவில்லை. நீதிமன்றம் அவருக்கு இரண்டு அளவுகோல்கள்தான் நிறைவேறின என்று சொல்லிவிட்டது, விழுந்தது அந்தச் சொந்தப் பங்களிப்பில். அவருக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தவர்களில் ஒருவர் கிப் தோர்ன், பின்னால் 2017இல் இயற்பியல் நோபல் வாங்கியவர். அவ்வளவு பெரிய மனிதர் ஆராய்ச்சியைப் பாராட்டியும் போதவில்லை, ஏனென்றால் அந்த ஆராய்ச்சியால் துறையில் என்ன மாறியது என்பதற்கு ஆதாரம் கோப்பில் இல்லை.

நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் இதற்குள் இருக்கிறது. நீங்கள் கெட்டிக்காரர் என்று யாரும் நிரூபிக்க வேண்டாம், உங்கள் வேலை வெளிவந்த பிறகு உங்களைத் தெரியாத ஒருவர் தன் வேலையை மாற்றிக்கொண்டார் என்று காட்டுங்கள். கூச்சமாக இருக்கிறது என்றீர்களே, அந்தக் கூச்சத்துக்கு இதில் இடமே இல்லை, ஏனென்றால் பேசப்போவது உங்களைப் பற்றி அல்ல, அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பற்றி.

உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய சொத்து அந்த வேர் அளக்கும் மென்பொருள். அதற்கு நீங்கள் கடிதத்தில் கொடுத்தது ஒரு வரி. எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள், எந்தெந்த நாட்டு ஆய்வகங்கள், யார் தங்கள் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் "இந்த முறைப்படி அளந்தோம்" என்று எழுதியிருக்கிறார்கள், யாராவது அதை வேறு பயிருக்கு மாற்றி எடுத்தார்களா, ஏதாவது நெல் ரகம் உருவாக்கும் திட்டத்தில் பயிர்களைத் தேர்ந்தெடுக்கப் பயன்படுத்துகிறார்களா? உட்கார்ந்து 600 மேற்கோள்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். பெரும்பாலானவை முன்னுரையில் மற்ற ஐந்து பெயர்களோடு சேர்த்து ஒரு அடைப்புக்குறிக்குள் போட்டவையாக இருக்கும், அவற்றால் பெரிய பயனில்லை. முப்பது நாற்பது இடங்களில் உங்கள் முறையை எடுத்தாண்டிருப்பார்கள், உங்கள் முடிவை வைத்து அடுத்த பரிசோதனையைத் திட்டமிட்டிருப்பார்கள், பெயர் சொல்லி விவாதித்திருப்பார்கள். அந்தப் பக்கங்களை மட்டும் நகல் எடுத்து வரிகளைக் கோடிட்டு வையுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதை வக்கீலால் செய்ய முடியாது. எந்த மேற்கோள் கனமானது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

ஒப்பீடும் தேவை. மூலக்கூறு உயிரியலில் 600 ஒன்று, தாவர அறிவியலில் 600 வேறு. அதே துறையில் அதே ஆண்டில் வந்த கட்டுரைகளோடு ஒப்பிட்டு உங்கள் ஒவ்வொரு கட்டுரையும் எந்தச் சதவீத வரிசையில் நிற்கிறது என்பதை வெப் ஆஃப் சயின்ஸ் என்னும் மேற்கோள் தரவுத்தளத்திலிருந்து எடுக்கலாம், உங்கள் பல்கலைக்கழக நூலகர் உதவுவார். இரண்டு கட்டுரைகள் மேல் 1 சதவீதத்தில் வந்தால் அதற்கு 600 என்ற மொத்தத்தை விட எடை அதிகம்.

மனுவைப் படிக்கும் அதிகாரி விஞ்ஞானி அல்ல. பொக்காலி நெல்லின் முதல் குரோமோசோமில் இருக்கும் சால்டால் பகுதி பற்றி நீங்கள் ஒரு பத்தி எழுதினால் அவர் தாண்டிப் போய்விடுவார். கடல்நீர் உள்ளே வந்து நிலம் உப்பாகிறது, எந்தச் செடி பிழைக்கும் என்று தெரிய முன்பெல்லாம் வேரைத் தோண்டி எடுத்துக் கழுவிக் கையால் அளந்தார்கள், இந்த மென்பொருள் வந்த பிறகு செடியைப் பிடுங்காமலே பார்க்க முடிகிறது, என்று ஒரு பள்ளி ஆசிரியருக்குச் சொல்வது போல எழுதுங்கள். லூசியானா கடற்கரையிலும் நெல் விளைகிறது, அங்கேயும் உப்புநீர் உள்ளே வருகிறது என்பதைச் சேர்த்தால் இதனால் அமெரிக்காவுக்கு என்ன நன்மை என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

பரிந்துரைக் கடிதங்கள் ஐந்தாறு போதும். உங்கள் பேராசிரியர் ஒன்று கொடுக்கட்டும், அதில் 17 கட்டுரைகளில் எந்தப் பகுதி உங்கள் சொந்த யோசனை, எது உங்கள் கையால் நடந்தது என்று பிரித்துச் சொல்லட்டும், ஏனென்றால் கூட்டாக எழுதிய கட்டுரையில் யார் என்ன செய்தார்கள் என்பதை அதிகாரியால் கண்டுபிடிக்க முடியாது. மற்றவை உங்களோடு சேர்ந்து வேலை செய்யாதவர்களிடமிருந்து வர வேண்டும். "இவர் சிறந்த ஆராய்ச்சியாளர்" என்ற கடிதம் வீண். "2022இல் இந்த முறையை எங்கள் ஆய்வகத்தில் ஏற்றுக்கொண்டோம், அதற்கு முன் இத்தனை நாள் ஆன வேலை இப்போது இத்தனை நாளில் முடிகிறது" என்ற கடிதம் பொன். நாலு கடிதமும் ஒரே நடையில், ஒரே சொற்களோடு இருந்தால் ஒரே கை எழுதியது என்று அதிகாரிக்குத் தெரிந்துவிடும், அதனால் குறிப்புகளை மட்டும் அனுப்பி அவரவர் வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள்.

விருது இல்லையே என்று கவலைப்படுகிறீர்கள். வேண்டாம். மாநாட்டில் வாங்கிய சிறந்த போஸ்டர் பரிசு, ஜேஆர்எஃப் என்னும் ஆராய்ச்சி உதவித்தொகை போன்றவற்றை விருது என்று தனி அளவுகோலாக வாதாடினால் எடுபடுவது கடினம், அந்தப் பலவீனமான வாதம் பக்கத்தில் இருக்கும் பலமான வாதத்தையும் கீழே இழுக்கும். அவை உங்கள் சுயவிவரத்தில் இருக்கட்டும். மூன்று அளவுகோல்களை உறுதியாகக் காட்டுவது ஆறை அரைகுறையாகக் காட்டுவதை விட மேல்.

இதோடு அந்த ஏஜென்சி விஷயம். போகாதீர்கள். அவர்களுக்குப் பணம் கட்டாதீர்கள், உங்கள் பெயரில் எதையும் தொடங்க அனுமதிக்காதீர்கள், ஏற்கெனவே விவரங்கள் கொடுத்திருந்தால் இதோடு நிறுத்தச் சொல்லி எழுதிவிடுங்கள். பணம் கட்டினால் கிடைக்கும் விருதுகள், விண்ணப்பித்த எல்லாருக்கும் கொடுக்கும் உறுப்பினர் பதவிகள், காசு கொடுத்துப் போடும் "சாதனையாளர் நேர்காணல்", அடுத்தவர் எழுதிய கட்டுரையில் பெயர் சேர்ப்பது, இவற்றை எல்லாம் அதிகாரிகள் கோப்புக் கோப்பாகப் பார்த்துவிட்டார்கள். ஒரே நிறுவனத்தின் அதே விருது இருபது மனுக்களில் வந்தால் அது என்ன விருது என்று அவர்களுக்குத் தெரியாதா? 1988லிருந்தே ஒரு முன்தீர்ப்பு இருக்கிறது, ஹோ வழக்கு என்பார்கள்: மனுவில் ஒரு ஆதாரத்தின் மேல் சந்தேகம் வந்தால் மீதி ஆதாரங்களின் நம்பகத்தன்மையையும் கேள்வி கேட்கலாம். வருடக்கணக்காக உழைத்துச் சேர்த்த 17 கட்டுரைகளின் மேல் அந்தக் கறை படிய வேண்டுமா? முக்கியமான விஷயத்தில் பொய்த் தகவல் கொடுத்தது என்று முடிவானால் வாழ்நாள் முழுக்க அமெரிக்காவுக்குள் நுழையத் தடை வரும், விலக்கு கிடைப்பது மிகக் கடினம். மனுவில் கையெழுத்துப் போடுவது நீங்கள், ஏஜென்சி அல்ல. இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், உங்களைப் போல உண்மையாகவே தகுதி உள்ளவர்கள்தான் தன் மேல் நம்பிக்கை இல்லாமல் இவர்களிடம் போய் விழுகிறார்கள், அதைப் பார்க்க வயிறு எரிகிறது.

தங்கை கல்யாணத்துக்கு வருவோம். ஜே-1 என்பது திரும்பிப் போகும் எண்ணத்தோடு வருபவர்களுக்கான விசா, குடியேறும் எண்ணம் இருந்தாலும் பரவாயில்லை என்று எச்-1பிக்கு இருக்கும் சலுகை அதற்கு இல்லை. உங்கள் பாஸ்போர்ட்டில் இருக்கும் ஜே-1 ஸ்டாம்ப் தை மாதத்துக்குப் பிறகும் செல்லுபடி ஆகும் என்றால், ஐ-140 போடுவதற்கு முன்னால் போய்வந்துவிடுங்கள், அதுதான் நிம்மதியான வழி. ஸ்டாம்ப் முடிந்துபோயிருந்தால் சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் புதிதாக வாங்க வேண்டும், அதற்கான டிஎஸ்-160 படிவத்தில் உங்களுக்காகக் குடியேற்ற மனு போடப்பட்டிருக்கிறதா என்று ஒரு கேள்வி வரும், நீங்களே போட்டிருந்தாலும் ஆம் என்றுதான் எழுத வேண்டும். அங்கே மறுத்துவிட்டால் ஆய்வகம் இங்கே, நீங்கள் அங்கே. ஐ-485 போட்ட பிறகு என்றால் முன்கூட்டியே பயண அனுமதி வாங்காமல் வெளியே போனால் விண்ணப்பமே கைவிடப்பட்டதாக எடுத்துக்கொள்வார்கள். ஆகவே கல்யாணத்தை வைத்தே தேதிகளைத் திட்டமிடுங்கள்: தை மாதம் போய்விட்டு வாருங்கள், ஊரில் இருக்கும்போதே நோரிக்கான மாநில அரசுச் சான்றுக்கு நடையாய் நடந்துவிடுங்கள், திரும்பி வந்து மாசியிலோ பங்குனியிலோ ஐ-140. அதுவரை ஆதாரங்களைச் சேர்க்க நேரமும் கிடைக்கும்.

கூடவே தேசிய நலன் விலக்கு மனுவையும் போடலாமா என்று யோசியுங்கள், என்ஐடபிள்யூ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இது இரண்டாம் பிரிவு, ஈபி-2. 2016 டிசம்பரில் தனசார் என்ற விண்வெளிப் பொறியியல் ஆராய்ச்சியாளரின் வழக்கில் வந்த முடிவுக்குப் பிறகு விஞ்ஞானிகளுக்கு இது வாகான வழியாகிவிட்டது. செய்யப்போகும் வேலை நாட்டுக்கு முக்கியமா, அதை முன்னெடுத்துச் செல்லும் நிலையில் நீங்கள் இருக்கிறீர்களா, வேலை வாய்ப்பு நிபந்தனையை விட்டுக்கொடுப்பது அமெரிக்காவுக்கு நல்லதா என்று மூன்று கேள்விகள்தான். ஈபி-2வில் மற்ற நாடுகளுக்கும் அவ்வப்போது காத்திருப்பு வரும், ஆனால் அதற்கு முதலில் ஒப்புதல் கிடைத்தால் அந்த மனுவைப் போட்ட தேதியைப் பின்னால் ஈபி-1ஏவுக்கும் வரிசைத் தேதியாக எடுத்துக்கொள்ளலாம். கணவன் மனைவி இருவருமே இந்தியாவில் பிறந்தவர்களாக இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இதுதான் முக்கியம்: பழைய முதலாளி வழியாக ஒப்புதல் ஆன ஐ-140 ஏதாவது இருந்தால் அதன் வரிசைத் தேதி உங்களுடையது, மோசடி போன்ற காரணத்தால் ரத்தாகாதவரை. பல்கலைக்கழகமே போட்டுத் தரும் ஈபி-1பி பற்றி நான் இங்கே விரிவாகப் போகவில்லை, போஸ்ட்டாக் பதவியை நிரந்தர ஆராய்ச்சிப் பதவியாகக் காட்டுவது பொதுவாக நடக்காது.

செலவு. ஐ-140க்கு 715 டாலர், அதோடு தனக்குத்தானே மனு போடுகிறவர்களுக்கு 300 டாலர் கூடுதல் கட்டணம். 15 வேலை நாட்களில் பதில் வேண்டுமென்றால் பிரீமியம், அதற்கு மூவாயிரம் டாலருக்குப் பக்கமாக ஆகும். பிரீமியம் கட்டினால் ஒப்புதல் கிடைக்கும் என்று அர்த்தமில்லை, பதில் சீக்கிரம் வரும், அந்தப் பதில் கூடுதல் ஆதாரம் கேட்கும் கடிதமாகவும் இருக்கலாம். உங்கள் ஜே-1 முடியும் தேதியை வைத்துப் பார்த்தால் பிரீமியம் போடுவது நல்லது. கட்டணங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன, அனுப்பும் நாளில் அமெரிக்கக் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ்ஸின் இணையதளத்தில் பார்த்துவிட்டு அனுப்புங்கள், பத்து டாலர் தவறினாலும் மனு திரும்பி வந்துவிடும்.

கூடுதல் ஆதாரம் கேட்டால் பயப்பட வேண்டாம், ஏறக்குறைய 12 வாரம் அவகாசம் தருவார்கள். அதிகாரி எந்த அளவுகோலை ஏற்றுக்கொண்டார், எதை ஏற்கவில்லை என்று அதிலேயே எழுதியிருப்பார், அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், பழைய காகிதங்களையே திரும்ப அனுப்பாதீர்கள். சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை, நீங்கள் சொல்வது உண்மையாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தால் போதும், சவாதே என்ற 2010ஆம் ஆண்டு முடிவில் யுஎஸ்சிஐஎஸ்ஸே அதைச் சொல்லியிருக்கிறது. மறுத்துவிட்டாலும் இத்தனை தடவைதான் போடலாம் என்ற வரம்பு கிடையாது, ஆறு மாதம் கழித்துக் கூடுதல் ஆதாரத்தோடு புதிதாகப் போடலாம், முன்பு போட்டதை மறைக்காமல் படிவத்தில் சொன்னால் போதும். ஐந்து வருடம் முடிந்த பிறகு எங்கே, என்ன ஆராய்ச்சி தொடரப் போகிறீர்கள் என்று ஒரு பக்கத் திட்டமும், முடிந்தால் உங்களை எடுத்துக்கொள்ள விரும்பும் ஆய்வகத்தின் கடிதமும் மனுவோடு இருக்க வேண்டும், இதைப் பலர் கடைசி நேரத்தில்தான் நினைக்கிறார்கள்.

முதலில் டிஎஸ்-2019களின் நகலையும் நிதியுதவி ஒப்பந்தத்தையும் ஒரு குடியேற்ற வக்கீலிடம் காட்டுங்கள், மேற்கோள் கணக்கை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.